கன்றைத் தின்றது யார்? மருந்துக் கடைக்குப் போவதற்கு முதல் செய்ய வேண்டியவை

மழை தொடங்கி ஒன்றிரண்டு கிழமை போனதும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்க வளவுகளில் ஒரே கதைதான். நேற்றுப் பின்னேரம் நிமிர்ந்து நின்ற கத்தரிக் கன்று விடியப் பார்த்தால் சரிந்து கிடக்கும், பூசணிக் கன்றில் தண்டு மட்டும் நிற்கும், கீரைப் பாத்தியில் பாதி வெறும் மண்ணாக இருக்கும். உடனே மருந்துக் கடைக்கு ஓட்டம். "பூச்சி வெட்டுது, ஏதாவது தாங்க" என்று கேட்டால் கடைக்காரரும் ஏதாவது தரத்தான் செய்வார். அதை அடித்த பிறகும் கன்று போய்க்கொண்டே இருக்கும், ஏனென்றால் தின்றது நத்தை, அடித்தது புழுவுக்கான மருந்து.

இளங்கன்று தின்னும் பிராணிகள் பெரும்பாலும் இரவில் வருபவை. பகலில் பாத்தியடியில் குந்தியிருந்து பார்க்கும்போது கண்ணில் படுவது அநேகமாக ஒரு வழிப்போக்கன். ஆகவே பூச்சியைத் தேடுவதற்கு முதல் காயத்தைப் பாருங்கள். கன்று எந்த உயரத்தில் கடிபட்டிருக்கிறது, கடியின் ஓரம் எப்படி இருக்கிறது, பகலில் நடந்ததா இரவிலா என்பது தெரிந்துவிட்டால் மிச்சம் லேசு.

முதல் வேலை: எதையும் துப்புரவு பண்ணாதீர்கள்

விழுந்த கன்றைப் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. செய்ய வேண்டாம். அந்தக் கன்றும் அதைச் சுற்றியுள்ள ஒரு சாண் மண்ணும்தான் உங்களிடம் இருக்கிற சாட்சி. முதலில் குனிந்து பாருங்கள், கைத்தொலைபேசியில் கிட்டவாக ஒரு படம் எடுங்கள், அப்புறம் மண்ணைத் தொடுங்கள்.

எழுவான்கரையில், அதாவது கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் மண்ணில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பின்னேரம் ஈர்க்கில் விளக்குமாற்றால் பாத்தியைச் சுற்றி முற்றம் கூட்டுவதுபோல் மணலைக் கூட்டிவிட்டு, அந்த ஈர்க்குக் கோடுகள் அப்படியே இருக்கப் படுத்துவிடுங்கள். விடிய எழும்பி ஆட்கள் நடமாட முதல் போய்ப் பார்த்தால் யார் வந்து போனது என்று கோட்டின் மேல் எழுதியிருக்கும். கோழிக் கால், அதைவிடப் பெரிய மயில் கால், எலி ஓடிய சின்னச் சின்னக் குழி, நத்தை ஊர்ந்த பட்டை, எல்லாம் தெரியும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் களிமண் காணியாக இருந்தால் இது சரிவராது, அங்கே ஈரத்தில் பதிந்த தடத்தைத்தான் தேட வேண்டும். (யானை வந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்படாது, வாழையோடு வேலியும் போயிருக்கும்.)

இரவில் ஒரு சுற்று

எட்டு, ஒன்பது மணிக்கு டோர்ச்சோடு ஒருதரம், விடிய வெளிச்சம் வருவதற்கு முதல் ஒருதரம். இதைவிட விரைவாக ஆளைப் பிடிக்கும் வழி எனக்குத் தெரியாது. வெளிச்சத்தை இலையின் மேல் மட்டும் அடிக்காமல் அடிப்பக்கம், தண்டு மண்ணைத் தொடும் இடம், பக்கத்துப் புல் என்று எல்லா இடமும் அடித்துப் பாருங்கள். செருப்பில்லாமல் போகவே வேண்டாம். புடையன் பாம்பு எலி தேடி அதே பாத்தியடிக்குத்தான் வரும்.

இரவில் வெளியே வர முடியாதவர்கள் பாத்தியருகே நனைத்த சாக்கு ஒன்றையோ கவிழ்த்த சிரட்டைகளையோ வைத்துவிட்டு, காலையில் ஏழு மணிக்கு முதல் புரட்டிப் பாருங்கள். நத்தை, ஓடில்லா நத்தை, மரவட்டை எல்லாம் வெயிலுக்குப் பயந்து அதன் கீழ் ஒதுங்கியிருக்கும்.

தண்டு அடியில் வெட்டுப்பட்டு, கன்று பக்கத்திலேயே கிடந்தால்

இது வெட்டுப்புழு. புதிதாகத் தோட்டம் தொடங்குபவர்களை அதிகம் அழவைப்பது இதுதான், ஏனென்றால் இது தின்பது கொஞ்சம், நாசமாக்குவது அதிகம். மண் மட்டத்தில் தண்டைக் கடித்துச் சாய்த்துவிட்டு, கொஞ்சம் தின்றுவிட்டு அடுத்த கன்றுக்குப் போகும். சிலவேளை சாய்த்த கன்றின் நுனியை மண்ணுக்குள் இழுத்து வைத்திருக்கும். அந்த இலை எந்த இடத்தில் மண்ணுக்குள் இறங்குகிறதோ அதற்குக் கீழேதான் ஆள்.

விழுந்த கன்றைச் சுற்றி ஒரு சாண் வட்டத்தில், இரண்டு மூன்று விரல் ஆழத்துக்கு, கரண்டிக் காம்பால் மெதுவாகக் கிளறுங்கள். சாம்பலும் கறுப்பும் கலந்த நிறம், மயிரில்லாத மினுக்கமான தோல், தொட்டவுடன் வளையமாகச் சுருண்டு செத்ததாக நடிக்கும். காலையிலேயே கிளற வேண்டும், வெயில் ஏற ஏற இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். கிடைக்காவிட்டால் அடுத்த கன்றின் அடியிலும் பாருங்கள், அது ஏற்கனவே நகர்ந்திருக்கும். ஒரு சின்னப் பாத்தியில் இரண்டு மூன்று புழு இருந்தாலே கன்றுகளைத் தொடர்ந்து சாய்க்கப் போதும், அவற்றைப் பொறுக்கி எடுத்தால் பிரச்சினை அதோடு முடியும். இதற்குப் போய் ஒரு போத்தல் மருந்து வாங்குவது வீண்செலவு.

மிச்சக் கன்றுகளுக்கு அடி வெட்டிய யோகட் கப்பை வளையமாகப் போடுங்கள். இரண்டு விரல் மண்ணுக்குள், மிச்சம் வெளியே. வளையம் போடுவதற்கு முதல் உள்ளே இருக்கும் மண்ணைக் கிளறிப் பார்க்க மறக்க வேண்டாம், புழுவையும் கன்றையும் சேர்த்துச் சிறை வைத்தால் என்ன பிரயோசனம். இன்னொன்று, பத்தையாகக் கிடந்த காணியை இன்று வெட்டி நாளை கன்று வைத்தால் புழுவுக்கு வேறு சாப்பாடு இல்லை, உங்கள் கத்தரிதான். புல்லை வெட்டி, மண்ணைக் கொத்திப் புரட்டி, இரண்டு மூன்று கிழமை வெயில் பட விட்டு நட்டால் இந்தத் தொல்லை நன்றாகக் குறையும். மண்ணைப் புரட்டும்போது கோழியை உள்ளே விடுங்கள். கோழி தோட்டத்துக்கு உதவி செய்யும் ஒரே நேரம் அதுதான்.

ஆனால் கவனம், சாய்ந்ததெல்லாம் வெட்டுப்பட்டது இல்லை. கன்றைக் கையில் எடுத்துத் தண்டின் அடியைப் பாருங்கள். கடித்த தடம் இல்லாமல், அந்த இடம் மட்டும் தண்ணீர் ஊறி, பழுப்பாகி, நூலாக மெலிந்திருந்தால் அது அடியழுகல். பூச்சி இல்லை, பூசணம். பாத்தியில் ஓரிடத்தில் தொடங்கி வட்டமாகப் பரவும், நெருக்கமாக விதைத்த கொச்சி, தக்காளி நாற்றுமேடையில் கட்டாயம் எட்டிப் பார்க்கும். மேடையை உயர்த்துங்கள், விதையை ஐதாகப் போடுங்கள், தண்ணீரைப் பின்னேரத்தில் இல்லாமல் காலையில் ஊற்றுங்கள். விதைக்க முதல் மேடை மேல் வைக்கோலும் உமியும் அடுக்கடுக்காகப் பரப்பி எரிக்கும் வழக்கம் நம் விவசாயிகளிடம் இருக்கிறதே, அது இந்தப் பூசணத்துக்கும் சரி, மேல் மண்ணில் இருக்கும் புழு எறும்புக்கும் சரி, செலவில்லாத வைத்தியம். வைக்கோலும் உமியும் மலிந்து கிடக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் விடுவது சரியில்லை.

கன்று இருந்த இடமே தெரியாவிட்டால்

இலை, தண்டு எதுவும் மிச்சமில்லாமல் போனால் முதல் சந்தேகம் நத்தை. அதிலும் ஆபிரிக்க நத்தை, 1900 அளவில் இலங்கைக்குள் வந்தது, இன்றைக்கு மழைகாலத்தில் மதில் முழுக்க ஏறி நிற்கிறது. சாய்ந்த காலை வெளிச்சத்தில் பார்த்தால் மண்ணிலும் கல்லிலும் காய்ந்த சளித்தடம் வெள்ளியாக மினுங்கும். தடம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால் பெரும்பாலும் ஒரு கல் அடுக்கு, வாழைச் சருகு, அல்லது நீங்கள் மறந்துபோன பழைய கூரைத் தகட்டில் போய் முடியும். கன்று போகாமல் இலையில் கடி மட்டும் இருந்தாலும் நத்தையின் கடி ஒழுங்கில்லாமல் ஓரமும் நடுவுமாகப் பெரிய ஓட்டைகளாக இருக்கும்.

பொறுக்குவதுதான் வைத்தியம். பின்னேரம் பப்பாசி இலைகளைப் பாத்திக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டு வைத்தால் அதில் வந்து கூடும், இரவு போய் அள்ளி உப்புத் தண்ணீர் வாளியில் போடலாம். அந்தத் தண்ணீரைப் பாத்தியில் ஊற்ற வேண்டாம். வெறுங்கையால் தொட வேண்டாம், கையில் ஷொப்பிங் பையைச் சுற்றிக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். மூளையைப் பாதிக்கும் ஒரு ஒட்டுண்ணிப் புழுவை இந்த நத்தை காவித் திரியும். நத்தைக்கென்று விற்கும் குளிகை மருந்து வேலை செய்யும்தான், ஆனால் அதை நாயோ கோழியோ தின்றாலும் சாகும்.

சளித்தடம் இல்லையா? அப்படியானால் நாலு கால், இரண்டு கால்காரர்கள். மண் கிளறுபட்டு, கன்று வேரோடு முழுசாக ஓரத்தில் காய்ந்து கிடந்தால் கோழி. அது கன்றைத் தேடி வரவில்லை, மண்ணுக்குள் இருக்கும் புழுவைத் தேடி வந்தது. தலைப்பு மட்டும் கிழிந்து, பிய்த்த ஓரத்தோடு இருந்தால் ஆடு. கத்தியால் சரிவாக வெட்டியதுபோல் சுத்தமான வெட்டாக இருந்து பற்றைக் காடு பக்கத்தில் இருந்தால் முயல். அடித்தண்டு கொறிபட்டுப் பல் தடம் தெரிந்தால் எலி. இவர்களுக்கெல்லாம் மருந்து இல்லை, வேலிதான்.

இலையில் ஓட்டை: ஓட்டையின் வடிவத்தைப் பாருங்கள்

பூசணி, கெக்கரி, பீர்க்கு, பாகல் வகையில் முதல் இரண்டு வித்திலைகள் விரிந்தவுடனேயே ஓட்டை விழுந்தால் அது பூசணி வண்டு. செம்மஞ்சள் நிறம், ஒரு நெல்மணியை விடக் கொஞ்சம் அகலம். இது தின்னும் விதத்தைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும்: முதலில் இலையில் ஒரு வட்டமாகக் கடித்துக் கோடு போடும், செடியிலிருந்து பால் அந்த வட்டத்துக்குள் வராமல் தடுத்துவிட்டு அப்புறம் உள்பக்கத்தை நிதானமாகத் தின்னும். அதனால்தான் இதன் ஓட்டைகள் வட்டமாக, அரைவட்டமாக இருக்கின்றன. சில இடத்தில் வட்டம் மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கும், அந்தத் துண்டு காய்ந்து நிற்கும். வெயில் ஏறினால் கை நீட்ட முதல் பறந்துவிடும். பனி இருக்கும் விடியற்காலையில் சோம்பலாக உட்கார்ந்திருக்கும், அப்போது சவர்க்காரத் தண்ணீர்க் கோப்பையைக் கீழே பிடித்துத் தட்டினால் தானாக விழும். பனி ஈரத்தோடு இலை மேல் ஆறின அடுப்புச் சாம்பல் தூவுவதும் நல்லது, மழை பெய்தால் திரும்பத் தூவ வேண்டும். கன்று ஏழெட்டு இலை விட்டுக் கொடி ஓடத் தொடங்கினால் இந்த வண்டு பெரிதாக ஒன்றும் செய்யாது, அதுவரைக்கும் நுளம்பு வலைத் துண்டால் மூடி வைத்தாலே போதும்.

முள்ளங்கி, கீரை, கோவா நாற்றில் குண்டூசியால் குத்தியதுபோல் எண்ணிலடங்காத சின்ன ஓட்டைகள் என்றால் தெள்ளு வண்டு. கையைக் கிட்டக் கொண்டுபோனதும் துள்ளும், அதுவே அடையாளம்.

கத்தரியில் பச்சை எல்லாம் சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் சல்லடையாக நின்றால் எபிலக்னா வண்டு. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், ஏனென்றால் இது பொறிவண்டின் சொந்தக்காரன், அதே உருண்டை உடம்பு, அதே புள்ளிகள். நல்ல பொறிவண்டின் முதுகு பளபளக்கும், அது சாறு உறிஞ்சும் அழுக்கணவன் பூச்சியைத் தின்று உங்களுக்கு வேலை செய்கிறது. எபிலக்னாவின் முதுகு மங்கல், மெல்லிய மயிர் மூடியிருக்கும், ஒரு வகையில் புள்ளி 28 வரைக்கும் இருக்கும். இலைக்குக் கீழே மஞ்சள் முள்ளுமுள்ளாகப் புழு நின்றால் சந்தேகமே வேண்டாம், நசுக்கலாம்.

சோளனில் விரிந்த இலைகளில் வரிசையாக ஓட்டை, குருத்துக்குள் ஈர மரத்தூள்போல் எச்சம் என்றால் 2018 இல் அம்பாறைச் சோளன் சேனைகளைக் கலக்கிய படைப்புழு. குருத்தை விரித்துப் புழுவை எடுங்கள்: தலையில் கவிழ்த்த ஒய் எழுத்து, வால் பக்கத்தில் சதுரமாக நாலு புள்ளி. வீட்டுத் தோட்டத்து சோளன் என்றால் கையால் எடுத்து நசுக்குவதே போதும்.

இலையில் வளைந்து வளைந்து வெள்ளைக் கோடு ஓடினால் இலைக்குள் சுரங்கம் தோண்டும் புழு. பார்க்கப் பயமாக இருக்கும், அந்த இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு மறந்துவிடலாம்.

கடியே இல்லை, ஆனால் வாடுகிறது

மண் ஈரமாக இருக்கும்போதே கன்று வாடினால் மெதுவாகப் பிடுங்குங்கள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்து, வேர் இருந்த இடத்தில் மண் ஒட்டிக் குடைந்திருந்தால் கறையான். மணல் காணியில், காய்ந்த கட்டையும் உக்காத சருகும் புதைத்த இடத்தில் வரும். பாத்தி மேல் விரல் அகலத்துக்கு மண் வரம்புபோல் எழும்பி வளைந்து ஓடியிருந்தால் பிள்ளைப்பூச்சி. இரண்டு கையளவு சவர்க்காரத் தண்ணீரை அந்தத் துளைக்குள் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் தானே வெளியே வரும்.

பயற்றை, கௌபி, போஞ்சி முளைத்து இரண்டு மூன்று கிழமைக்குள் மஞ்சளாகி வாடினால் மண் மட்டத்துத் தண்டைப் பாருங்கள். வீங்கி, வெடித்து, நகத்தால் தோலை உரித்தால் உள்ளே அரிசியை விடச் சின்னக் கபிலக் கூடு தெரிந்தால் அது ஒரு சின்னக் கறுப்பு ஈயின் வேலை. இலையில் முட்டையிட, அதன் புழு தண்டுக்குள்ளேயே கீழே இறங்கி வந்துவிடும். வெளியே எதைத் தூவினாலும் படாது. செத்த கன்றுகளைப் பிடுங்கி எரியுங்கள், கூட்டைச் சேர்த்து எரிப்பதுதான் நோக்கம். பிழைக்கக்கூடியவற்றுக்கு அடியில் மண் அணைத்தால் மேலே புது வேர் விட்டுத் தேறும்.

கொச்சிக் கன்றில் இலை சுருண்டால் ஓரம் மேல்நோக்கிச் சுருள்கிறதா, கீழ்நோக்கியா என்று மட்டும் பாருங்கள். மேலே என்றால் பனிப்பூச்சி, கீழே என்றால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் மருந்து வேறு, சிற்றுண்ணி பூச்சி இனமே இல்லை.

அப்புறம் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது இலை ஓரம் எரிந்து காய்ந்தால், அல்லது வாவிக் கரைக் கிணற்றுத் தண்ணீர் உவர் ஏறியிருந்தால், எந்தப் பூச்சியையும் தேடி அலைய வேண்டாம். நிழல் கட்டுங்கள், வேறு தண்ணீர் பாருங்கள்.

விதையே முளைக்காவிட்டால்

மண்ணைக் கிளறி விதை இருக்கிறதா என்று பாருங்கள். கீரை விதையை எறும்பு வரிசையாகக் காவிக்கொண்டு போகும். பாத்திக்கு வெளியே அரிசிக் குருணல் தூவிவிட்டால் அதன் கவனம் அங்கே போய்விடும். பூசணி, சோளன், கச்சான் விதை போட்ட இடத்தில் சின்னக் குழியும் பக்கத்தில் கோதும் இருந்தால் எலி அல்லது அணில். நாற்றுத் தட்டை மேசையில் வைத்து, கால்களைத் தண்ணீர் ரின்னில் நிறுத்துபவர்கள் அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் கலந்துவிடுங்கள், எறும்பைத் தடுக்கப் போய் டெங்கு நுளம்பு வளர்க்கக் கூடாது.

இன்னும் தெரியவில்லையா? நாலு கன்றில் ஒரு பரிசோதனை

ஒன்றுக்கு யோகட் கப் வளையம். ஒன்றை நுளம்பு வலையால் மூடி ஓரத்தை மண்ணுக்குள் புதையுங்கள். ஒன்றைச் சுற்றிக் காய்ந்த சாம்பல் தடிப்பாக. ஒன்று சும்மா. இரண்டு மூன்று இரவு விடுங்கள், மழையில்லாத இரவாகப் பார்த்து. வலைக்குள் இருந்த கன்றும் போய்விட்டால் எதிரி ஏற்கனவே மண்ணுக்குள் இருக்கிறது, கிளற வேண்டியதுதான். வளையம் போட்டது நிமிர்ந்து நின்று சும்மா விட்டது சாய்ந்தால் வெட்டுப்புழு. வளையத்துக்குள் தண்டு பத்திரமாக இருந்து இலை மட்டும் ஓட்டையானால் பறந்து வருவது, அல்லது கப்பில் சளித்தடம் இருந்தால் ஏறி வந்த நத்தை. சாம்பலுக்குள் நின்றது தப்பி, சும்மா விட்டது போனால் மண்ணில் ஊர்ந்து வரும் ஆள்.

வீணாகப் பழி சுமப்பவர்களையும் சொல்லிவிடுகிறேன். செத்த கன்றைச் சுற்றி நிற்கும் மரவட்டை அநேகமாக அழுகியதைத் தின்ன வந்தது. மாட்டெருவுக்குள் பெருவிரல் தடிப்பில் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழு பெரும்பாலும் தென்னை வண்டின் குஞ்சு, அது எருவைத் தின்கிறது, கன்றை இல்லை. ஆனால் வளர்ந்தால் தென்னைக்கு எமன், கோழிக்குப் போடுங்கள். ஓணானும் தேரையும் உங்கள் ஆட்கள், கல் எறியாதீர்கள்.

இலை தின்னும் புழு, வண்டு என்று உறுதியாகி, கையால் பொறுக்க முடியாத அளவு இருந்தால் முதலில் வேம்பு. காய்ந்த வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்து 1 லீட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, துணியால் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துப் பின்னேரத்தில் அடியுங்கள், வெயிலில் அடித்தால் அதன் சக்தி போய்விடும். கடை மருந்துக்குப் போவதானால் ஒன்றை யோசியுங்கள்: நம் மணலில் ஊற்றியது எதுவும் மேலே நிற்காது, கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. நாலு கிழமையில் சட்டிக்குப் போகும் கீரைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

பூச்சியைப் பிடித்தும் பெயர் தெரியாவிட்டால் உயிரோடு ஒரு போத்தலில் போட்டு, கடிபட்ட இலையையும் சேர்த்து, கிட்டிய கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். போக நேரமில்லாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். பயிர் எது, நட்டு எத்தனை நாள், காயம் எந்த இடத்தில், இரவா பகலா என்று இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் திருப்பிக் கேட்க வேண்டியது அதிகம் இருக்காது.